அம்மாவுக்கு அறுபது: பினாங்குக்கு ஒரு பிறந்தநாள் பயணம்

அப்பாவுக்கு அறுபது என்றால் மண்டபம் பிடிக்கிறோம், பத்திரிகை அடிக்கிறோம், திருக்கடையூருக்கு வேன் பேசுகிறோம். அம்மாவின் அறுபது பல வீடுகளில் வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் போயிருக்கும். வங்கியில் டெபாசிட்டைப் புதுப்பிக்கப் போனபோது, "ஜூலைக்கு அப்புறம் போட்டீங்கன்னா அம்மாவுக்கு சீனியர் சிட்டிசன் வட்டி கிடைக்கும்" என்று அங்கிருந்தவர் சொன்னார். அது ஜனவரி மாதம். அன்று இரவுதான் அம்மாவை எங்காவது கூட்டிப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆறு மாதம் கழித்து, 2025 ஜூலையில், மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஜார்ஜ் டவுனுக்கு அம்மாவும் நானும் போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தோம்.

பெற்றோரை முதன்முறையாக வெளிநாட்டுக்கு, அதுவும் ஒரு பிறந்தநாளுக்காக அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு இதை எழுதுகிறேன். எது முதலில், எது பின்னால் என்ற வரிசையிலேயே சொல்கிறேன்.

எந்தப் பிறந்தநாள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். ஆனால் அறுபது வயதுக்காரர்கள் பலருக்கு மூன்று பிறந்தநாள் உண்டு. ஒன்று நட்சத்திரப் பிறந்தநாள். அடுத்தது பாட்டி ஞாபகம் வைத்துச் சொன்ன ஆங்கிலத் தேதி. மூன்றாவது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி. ஆதார், பாஸ்போர்ட், வங்கி எல்லாவற்றிலும் மூன்றாவதுதான் இருக்கும்.

தமிழ் ஆண்டுகள் அறுபது முடிந்து மறுபடி முதலிலிருந்து வருவதால், பிறந்த வருஷத்தின் பெயரே திரும்பி வருகிறது. அதனால்தான் அறுபதுக்கு இவ்வளவு மதிப்பு. அம்மா பிறந்தது 1965, விசுவாவசு வருஷம். 2025 சித்திரையில் அதே விசுவாவசு வந்தது. 1966 சித்திரைக்குப் பிறகு பிறந்தவர்கள் என்றால் பராபவ வருஷம். 2026 சித்திரையில் அது திரும்புகிறது.

என் யோசனை இதுதான்: நட்சத்திரத்தன்று செய்ய வேண்டியதை வீட்டில், உறவினர்களோடு செய்துவிடுங்கள். ஹோமமோ, அர்ச்சனையோ, சும்மா வடை பாயசமோ, உங்கள் வழக்கப்படி. பயணத்தை ஆங்கிலத் தேதிக்கு வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போட்டால், ஊரிலிருந்து வரும் சித்தி, மாமா வருத்தங்களையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் அம்மா விமானம் ஏறுவார்.

ஊரை ஆளுக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள்

நான் முதலில் வேறு நாடுகளின் கடற்கரை ஊர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீலக் கடல், வெள்ளை மணல். பிறகு யோசித்தேன். அந்த ஊர்களிலெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். டீ வாங்க நான், வழி கேட்க நான், விலை பேச நான். நாகப்பட்டினம் மீன் கடையில் நின்று அரை மணி நேரம் பேரம் பேசும் ஒரு பெண்ணை, ஐந்து நாள் வாய் திறக்காமல் என் பின்னால் வரவைப்பது எப்படிக் கொண்டாட்டமாகும்?

பினாங்கில் அந்தக் கவலை பாதி குறைந்துவிடுகிறது. தீவில் சீனர்கள்தான் அதிகம். எல்லா இடத்திலும் தமிழ் செல்லாது. ஆனால் லிட்டில் இந்தியாவில், கோயில்களில், நாசி கண்டார் எனும் குழம்புச் சோற்றுக் கடைகள் பலவற்றில், டாக்ஸி ஓட்டுபவர்களில் பலரிடம் அம்மா தானே பேசலாம். இரண்டாம் நாளே என்னை விட்டுவிட்டுப் பூ வாங்கப் போய்விட்டார். பூக்கடைக்காரம்மா "பசியாறியாச்சா?" என்று கேட்டதை அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே காலைச் சாப்பாட்டுக்கு இன்றும் 'பசியாறுதல்' என்கிறார்கள்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அம்மாவின் அப்பா பினாங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, சிங்கப்பூர் போன 'ரஜூலா' கப்பலில் போய்வந்தவர். 1973-ல் அந்தக் கப்பல் நின்றது. பிறகு ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985-ல் தீ விபத்து நேர்ந்ததோடு தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையிலான பயணிகள் கப்பல் போக்குவரத்தே முடிந்துபோனது. தாத்தா வேலை பார்த்த ஊரை அம்மா பார்த்ததே இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஊர் பேச்சில் அடிபட்டுக்கொண்டே இருக்கலாம். அது பர்மாவாக இருக்கலாம், கொழும்பாக இருக்கலாம். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் வரும் ஊரைவிட அதுவே நல்ல தேர்வாக இருக்கும்.

பாஸ்போர்ட்: ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள்

முதல் பாஸ்போர்ட் எடுப்பவருக்குப் பெயர்தான் தலைவலி. நமக்கு இனிஷியல் பழக்கம். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, குடும்ப அட்டையில் வேறு மாதிரி இருந்தால் முதலில் ஆதாரைச் சரிசெய்து, மற்றவற்றை அதற்கு ஒத்துப்போக வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2023 அக்டோபருக்கு முன் பிறந்தவர்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழ், பான் கார்டு போன்ற வேறு ஆவணங்களைக் காட்டலாம்.

அம்மா எட்டாவதோடு நின்றவர். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை (இ.சி.ஆர்.) தேவை என்ற குறிப்பு வருமே, மலேசியாவும் அந்தச் சோதனைக்கான நாடுகளின் பட்டியலில் உள்ளதாயிற்றே என்று நான் கலங்கினேன். 50 வயது தாண்டியவர்களுக்கு அந்தச் சோதனை தேவையில்லை. விண்ணப்பத்தில் அதற்கான கட்டத்தைச் சரியாகக் குறியுங்கள், போதும்.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒரே பெயர் மட்டும் இருந்தால், இரண்டாவது கட்டத்தில் எதைப் போடுவது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஊகித்துப் போடாதீர்கள், வாங்கும் முன் அவர்களையே கேளுங்கள்.

விசா, வருகை அட்டை

2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை. 30 நாள் வரை தங்கலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன் சரிபார்க்கவும். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

விசா இல்லை என்பதால் ஒன்றுமே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். மலேசியா டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. இது முழுக்க இலவசம். தேடினால் முதலில் வருவது பணம் கேட்கும் போலித் தளமாக இருக்கக்கூடும். மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம்தானா, முகவரியில் 'ஜிஓவி.எம்ஒய்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

குடிநுழைவு வரிசையில் திரும்பும் டிக்கெட், தங்குமிட ரசீது இரண்டையும் கேட்கலாம். காகிதத்தில் அச்சிட்டு, அம்மாவின் கைப்பையில் அவருக்கென்று ஒரு படி தனியாக வையுங்கள். அதிகாரி தனியாகக் கேட்டால் அவரே எடுத்துக் காட்டட்டும். எத்தனை நாள், எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம் என்ற மூன்றையும் விமானத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டோம். இன்னொன்று: விமான நிலையத்தில் யாராவது "இந்தப் பையைக் கொஞ்சம் கொண்டுவந்து கொடுங்கம்மா" என்றால், எவ்வளவு பாவமாக இருந்தாலும் வாங்கக் கூடாது. போதைப்பொருள் விஷயத்தில் மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது. நம் அம்மாக்களுக்கு மறுத்துப் பேச வராது என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது

சென்னையிலிருந்து பினாங்குக்கு இண்டிகோவின் நேரடி விமானம் 2024 டிசம்பரில் தொடங்கியது. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உங்கள் தேதிக்கு அது இல்லாவிட்டால் சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கோலாலம்பூர் போய், அங்கிருந்து ஒரு மணி நேர உள்நாட்டு விமானம் பிடிக்கலாம். ரயிலிலும் போகலாம்: கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் வரை மின்சார ரயில் சுமார் நான்கு மணி நேரம், பிறகு படகு. வயதானவர்களோடு போகும்போது நேரடி விமானத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

இங்கிருந்து கிளம்பும் விமானங்கள் பெரும்பாலும் இரவில்தான். காலையில் போய் இறங்குவீர்கள். ஹோட்டல் அறையோ மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். தூக்கம் கெட்ட அறுபது வயதுக்காரரை வரவேற்பறைச் சோபாவில் ஆறு மணி நேரம் உட்கார வைக்கக் கூடாது. முந்தைய இரவுக்கும் சேர்த்து அறை போட்டுவிடுங்கள், அல்லது சீக்கிரம் அறை தர முடியுமா என்று எழுதிக் கேட்டு உறுதி வாங்குங்கள். மலேசிய நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தங்குமிடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். ஜார்ஜ் டவுனின் பழைய நகரப்பகுதி 2008 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். நூறு வருஷப் பழைய கடைவீடுகளை அழகாகப் புதுப்பித்து விடுதிகளாக்கியிருக்கிறார்கள். கீழே கடை, மேலே வீடு, நடுவில் வானம் தெரியும் முற்றம், முன்னால் நம் திண்ணை மாதிரி நடைபாதை. படத்தில் பார்த்து மயங்கி ஒன்றில் அறை போட்டேன். போனால் மரப்படிக்கட்டு ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கிறது, லிஃப்ட் இல்லை, எங்கள் அறை இரண்டாவது மாடி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்கி ஏறினார். மறுநாளே கீழ்த்தள அறைக்கு மாற்றிக் கேட்டு வாங்கினேன். நீங்கள் அறை போடும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: லிஃப்ட் உண்டா? இல்லையென்றால் தரைத்தளத்தில் அறை உண்டா?

பத்து ஃபெரிங்கி கடற்கரையில் தங்கலாமா என்று பலரும் கேட்பார்கள். அங்கே ரிசார்ட்டுகள் இருக்கின்றன, மணல் இருக்கிறது. ஆனால் கடல் கலங்கலாகத்தான் இருக்கும், ஜெல்லிமீன் தொந்தரவும் உண்டு. நீச்சலுக்காகப் போகிறவர்களுக்குப் பினாங்கு ஏற்ற ஊர் இல்லை. கடலை ஒட்டி நடக்க, கடலைப் பார்த்துச் சாப்பிட, கடலைக் கடந்து போய்வர ஏற்ற ஊர். ஆகவே நகருக்குள்ளேயே தங்குங்கள். பிறந்தநாள் இரவுக்கு மட்டும் கொஞ்சம் செலவழிக்க முடியுமென்றால், சார்க்கீஸ் சகோதரர்கள் 1885-ல் தொடங்கிய ஈ அண்ட் ஓ ஹோட்டல் கடலை ஒட்டியே இருக்கிறது. தங்க வசதிப்படாவிட்டால் ஒரு மாலைத் தேநீருக்காவது போகலாம். நாங்கள் தேநீருக்குத்தான் போனோம்.

வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி உண்டு. ஹோட்டலில் தனியாகக் கேட்பார்கள், திகைக்க வேண்டாம். மின்செருகு மூன்று தட்டையான முனை கொண்ட பிரிட்டிஷ் வகை. மாற்றுச்செருகு ஒன்று எடுத்துப் போங்கள்.

எப்போது போவது

பிறந்தநாள் நம் சௌகரியத்துக்கு வராது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். ஜூன், ஜூலையில் போனால் வெயிலும் நடுநடுவே மழையுமாக இருக்கும். குடை இரண்டுக்குமே உதவும். துரியான் பழக் காலமும் அதுதான். தீவின் மேற்குப் பக்கம், பாலிக் பூலாவ் தோட்டங்களிலிருந்து வரும் பழங்களைத் தெருவோரத்தில் வெட்டிக் கொடுப்பார்கள். அறைக்கு எடுத்துப் போகக் கூடாது, பல ஹோட்டல்களில் தடை. சர்க்கரை உள்ளவர்களுக்கு ஒரு சுளைக்கு மேல் வேண்டாம். அம்மா ஒரு சுளை தின்றுவிட்டு, "வாசனைதான் ஒரு மாதிரி, பலா மாதிரி நெனச்சுக்கிட்டா இறங்குது" என்றார்.

ஒரு நாளுக்கு ஒன்று

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். காலையில் ஒரு இடம். மதியம் அறைக்குத் திரும்பித் தூக்கம். மாலையில் சும்மா நடை. அவ்வளவுதான். அட்டவணை போட்டு நாளுக்கு ஐந்து இடம் காட்டினால், அது உங்கள் பயணம். பிறந்தநாள்காரரின் பயணம் அல்ல.

பினாங்கில் சூரியன் காலை ஏழு மணி வாக்கில்தான் உதிக்கும். நம் அம்மாக்கள் ஐந்துக்கே எழுந்துவிடுவார்கள் என்பதால் விடியலைப் பார்ப்பது சுலபம். கிழக்கு நோக்கிய சியூ ஜெட்டிக்குப் போங்கள். கடலுக்குள் கால் ஊன்றிய மர வீடுகள், சீனக் குலத்தவர் தலைமுறைகளாக வாழும் இடம். பலகை நடைபாதையின் கடைசியில் நின்றால் எதிர்க்கரைக்கு மேல் வெளிச்சம் வரும். அங்கே ஆட்கள் உறங்கிக்கொண்டிருப்பார்கள். மெல்லப் பேசி, ஜன்னல்களுக்குள் எட்டிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அப்படியே ஆர்மீனியன் தெருவுக்கு நடந்தால், 2012-ல் எர்னஸ்ட் ஜகாரவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு குழந்தைகளின் சுவரோவியத்தைக் கூட்டம் சேரும் முன் பார்த்துவிடலாம்.

இன்னொரு காலை முழுவதையும் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங் சாலைக்குக் கொடுங்கள். பழைய பெயர் பிட் தெரு. ஒரே நேர்கோட்டில் 1818-ல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் கருணைத் தாய் கோயில், தமிழ் முஸ்லிம்கள் 1801-ல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பக்கத்தில் குயின் தெருவில் 1833-ம் ஆண்டைச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயில். அர்ச்சனை செய்ய வேண்டுமென்றால் காலையில் போங்கள், நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். பெயர், நட்சத்திரம் எல்லாம் தமிழிலேயே கேட்டுச் செய்வார்கள்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் சூலியா தெரு. தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல்தான் அந்தத் தெருவின் பெயராகியிருக்கிறது. கிங் தெருவும் அதுவும் சேரும் முனையில் ஒரு சின்னக் கட்டடம், வெள்ளையும் பச்சையுமாக. நாகூர் ஆண்டவர் சாகுல் ஹமீது பாதுஷா நினைவாக, கடல் கடந்து வந்தவர்கள் 1800-களின் தொடக்கத்தில் எழுப்பிய தர்கா. அம்மா நாகப்பட்டினத்துக்காரர், நாகூர் அவருக்குப் பக்கத்து ஊர், கந்தூரிக்குச் சின்ன வயதில் ஒவ்வொரு வருஷமும் போனவர். அந்த வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் நின்றார். "எங்கப்பாவும் இங்க வந்து நின்னுருப்பாருல்ல" என்றார். கப்பலேறுகிறவர்கள் எந்த மதமானாலும் நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டுதான் ஏறுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்காக: தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 500-க்கும் மேற்பட்ட படிகள். ஏற முடியாது என்றால் மனம் தளர வேண்டாம்; அதே சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் முருகன் கோயில் தரைமட்டத்திலேயே இருக்கிறது. கேக் லோக் சீ பௌத்த ஆலயம் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுகிறது. உச்சியில் கருணைத் தாய் குவான் யின்னின் 30 மீட்டர் உயர வெண்கலச் சிலை. மேல்தளத்துக்குச் சாய்வு லிஃப்ட் உண்டு, ஆனாலும் நடை அதிகம்தான். இரண்டில் ஒன்று போதும்.

பினாங்கு மலைக்கு 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது. சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். உச்சி 833 மீட்டர், கீழே இருப்பதைவிட நன்றாகவே குளிரும். மேலே அருளொளித் திருமுருகன் கோயில் இருக்கிறது. சனி, ஞாயிறும் மலேசியப் பள்ளி விடுமுறையும் தவிர்த்து வார நாளில் காலை எட்டு மணிக்குப் போய்விடுங்கள். வரிசையில் நிற்க முடியாதவர்களுக்குக் கூடுதல் கட்டணத்தில் விரைவு வழி இருக்கிறது. பராமரிப்புக்காகச் சில நாள் ரயிலை நிறுத்துவதுண்டு, முந்தைய நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

போக்குவரத்துக்குக் கிராப் செயலி போதும், ஓலா மாதிரிதான். விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு எங்களுக்கு 30 ரிங்கிட் போல ஆனது. நகருக்குள் 'கேட்' என்ற இலவசப் பேருந்து சுற்றுகிறது. மலையடிவாரத்துக்கு 204-ம் எண் பேருந்து. பேருந்தில் காசு கொடுத்தால் மீதிச் சில்லறை தர மாட்டார்கள். தெருப் பெயர்ப் பலகையில் 'லெபூ' என்றால் தெரு, 'ஜாலான்' என்றால் சாலை, 'லோரோங்' என்றால் சந்து. ஆனால் லிட்டில் இந்தியாவின் மார்க்கெட் தெருவைப் பலகையில் 'லெபூ பாசார்' என்று போட்டிருந்தாலும், தமிழர்களிடம் 'கடைத்தெரு எங்கே' என்று கேளுங்கள். தாத்தா காலத்துப் பெயர் இன்னும் வாயில் இருக்கிறது.

சாப்பாடு

பினாங்குக்குச் சாப்பிடவே போகிறவர்கள் உண்டு. நாசி கண்டாரில் தொடங்குங்கள். 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் காவடிக் கம்பு. ஒரு முனையில் சோறு, மறுமுனையில் குழம்பு என்று தமிழ் முஸ்லிம்கள் துறைமுகக் கூலிகளுக்குச் சுமந்து விற்றது இப்போது பெரிய கடைகளாக நிற்கிறது. சோற்றின் மேல் நான்கைந்து குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். அந்தக் கலவைதான் ருசி. விலை எடுத்துக்கொள்ளும் கறியைப் பொறுத்தது. பெரிய இறாலுக்கும் மீன்தலைக்கும் விலை ஏறும், போடும் முன் கேட்டுவிடுங்கள்.

சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி நூடுல்ஸ் என்று சொன்னாலும் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம். சம்பல் என்ற மிளகாய்ச் சட்னியில் 'பெலாச்சான்' என்ற இறால் விழுது இருக்கும். அசாம் லக்சா என்ற புளிப்பு நூடுல்ஸின் குழம்பே மீன்தான். லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, சீன பௌத்தர்களின் முழுச் சைவ உணவகங்களும் உண்டு. அங்கே தைரியமாகச் சாப்பிடலாம்.

திறந்தவெளி உணவுச் சந்தைகளில் முறை வேறு. முதலில் மேசை பிடியுங்கள், மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு கடை கடையாகப் போய்ச் சொல்லுங்கள், தட்டு வந்ததும் காசு கொடுங்கள். குடிக்க ஏதாவது ஒன்று வாங்குவது அங்கே மரியாதை. ரொக்கம் வேண்டும். ஒரு ரிங்கிட் 20 ரூபாய்க்கு மேல் என்று வைத்துக்கொண்டு கிளம்பும் நாளில் சரிபாருங்கள்.

டீ சொல்லத் தெரியாவிட்டால் ஐந்து நாளும் பாகு குடிக்க வேண்டியதுதான். 'தே' என்றால் கெட்டியான டின் பால் ஊற்றிய டீ, இனிப்பு தூக்கலாக இருக்கும். 'தே ஓ' பால் இல்லாதது. 'தே சி' டின் பாலுக்குப் பதில் இனிப்பில்லாத சுண்டிய பால். 'தே ஓ', 'தே சி' பின்னால் 'கோசோங்' சேர்த்தால் சர்க்கரை இல்லை. 'கூராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறைவு. காப்பிக்கு 'கோப்பி' போட்டு இதே வரிசை. அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதால் 'தே சி கோசோங்' முதல் நாளே பாடமாகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து எனக்கும் சேர்த்து அவரே சொன்னார்.

பிறந்தநாளன்று

கேக் வேண்டாம் என்று நினைத்தோம். பினாங்குச் சீனர்கள் பிறந்தநாளுக்கு மீ சுவா என்ற மெல்லிய நூடுல்ஸை அவித்த முட்டையோடு சாப்பிடுவார்கள். நூல் நீளமாக இருப்பது நீண்ட ஆயுளுக்கு. சந்தைகளில் 'ஆங் கூ' என்ற சிவப்புப் பலகாரம் கிடைக்கும். ஆமை ஓட்டு வடிவம், உள்ளே பாசிப்பருப்புப் பூரணம். அதுவும் ஆயுளுக்காகத்தான். நம் பூரணக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை போல இருந்தது. காலையில் ஹோட்டல் அறையில், யாரோ போட்ட காபியை அம்மாவின் கையில் கொடுத்து, இரண்டு ஆங் கூவை வைத்துக் கொண்டாடினோம். வீட்டில் எல்லோருக்கும் காபி போட்டுவிட்டுக் கடைசியில் ஆறிப்போனதைக் குடிக்கிறவர். அன்று முதல் டம்ளர் அவருடையது.

பத்தரை மணிக்குள் ஊரிலிருந்து வரும் போன்களையெல்லாம் பேசி முடித்துவிடுங்கள். இந்திய நேரம் இரண்டரை மணி நேரம் பின்னால் என்பதால், "எட்டு மணிக்குள்ள கூப்பிடுங்க" என்று முன்பே சொல்லி வைத்தால் பினாங்கில் பத்தரைக்கு முடியும். பிறகு கைபேசியை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மதியம் என்ன செய்வது என்று அவரைக் கேளுங்கள். எதையும் செய்ய வேண்டாம் என்றால் அதுவே சரி. அம்மா கடைத்தெருவில் ஒரு சேலை எடுக்க இரண்டு மணி நேரம் செலவழித்தார். சென்னையிலேயே கிடைக்கும் சேலைதான். நான் வாயே திறக்கவில்லை.

மாலைக்கு மட்டும் ஒரு திட்டம் வைத்திருந்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுன் படகுத்துறையிலிருந்து எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்குப் பயணிகள் படகு போகிறது. கட்டணம் சொற்பம், கால் மணி நேரத்துக்குள் அக்கரை. ஜூலையில் சூரியன் மறைய ஏழே முக்கால் ஆகும். ஆறு மணிக்குக் கிளம்பி அக்கரையில் இறங்கி ஒரு 'தே சி கோசோங்' குடித்துவிட்டு, ஏழு மணிக்கு மேல் திரும்பும் படகைப் பிடியுங்கள். கடைசிப் படகு எப்போது என்று துறையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது முன்பக்கமாக இடம் பிடிக்க வேண்டும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்க, ஊர் கடலிலிருந்து எழுந்து வருவது போலத் தெரியும். கப்பலில் வந்தவர்கள் இந்த ஊரை முதலில் பார்த்தது கடலிலிருந்துதான்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டே வந்தார். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், தமிழர், "ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. எங்கப்பா இங்க இருந்தாரு" என்றார் அம்மா.